உதவிக் கணக்கின் யோக்கியதை

பணக்கார தேசத்து சர்க்கார்கள் ஏழை தேசத்து ஜனங்களுக்கு வருஷா வருஷம் கோடி கோடியாக உதவி செய்து வருவதாக நாம் பத்திரிகைகளில் படித்து வருகிறோம். அப்படிச் செய்யப்படும் உதவிக்கு ஒரு கணக்கும் வெளியிடப்படுகிறது. அந்தக் கணக்கைப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையை மாத்திரம் பார்த்துவிட்டு, "ஆகா, எவ்வளவு பெரிய மனது!" என்று வியந்து போய்விடுகிறார்கள். அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, எந்த ஊரில் செலவாயிற்று, யார் வயிறு நிறைந்தது என்று கேட்கிறவர்கள் மிகச் சிலரேயாவார்கள். அப்படிக் கேட்பதுதான் பகுத்தறிவுள்ள மனிதனின் வேலை என்று கருதி, இந்த வாரம் அந்த விஷயத்தைப் பற்றிச் சிறிது விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஓர் உதாரணம் சொல்லுவோம். ஓர் ஊரில் ஒரு மிராசுதார் இருக்கிறார். வருஷா வருஷம் தன் விளைச்சலில் 100 கலம் நெல்லை அடுத்த ஊர் ஏழைகளுக்குக் கொடுப்பதாக ஊர் கூட்டத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு வருஷம் வெள்ளத்தில் வீடிழந்த சிலர் அவருடைய வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். அவர்களைத் தன் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சோறு போடுகிறார். இது நல்ல காரியமே. மனிதத் தன்மையுள்ள எவனும் செய்ய வேண்டியதே. ஆனால் வருஷக் கடைசியில் கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இவர்களுக்குப் போட்ட சோறு 30 கலம் ஆயிற்று, ஆகையால் அடுத்த ஊராருக்கு 70 கலம் அனுப்பினால் போதும், கணக்கில் மாத்திரம் 100 கலம் கொடுத்ததாகவே எழுது" என்று சொன்னால், அதை நாம் என்னவென்று சொல்லுவது? அடுத்த ஊரார், "எங்களுக்கு 70 தானே வந்தது?" என்று கேட்டால், "கணக்கைப் பார், 100 என்று எழுதியிருக்கிறது" என்று பதில் வருகிறது. கணக்குப் பொய்யென்று சொல்லவும் முடியாது. மெய்யென்று ஒப்பவும் முடியாது. இப்படிப்பட்ட கணக்குதான் பெரிய பெரிய இலாகாக்களில் நடைபெறுகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

இங்கிலாந்து தேசத்தையே எடுத்துக்கொள்ளுவோம். அதை எடுத்துக்கொள்ளுவது அந்த தேசம் மற்ற தேசங்களை விட மோசம் என்பதற்காக அல்ல. அதன் கணக்குகள் ஓரளவுக்காவது வெளியில் வந்து, தணிக்கை செய்யப்பட்டு, பார்லிமெண்டில் விவாதிக்கப்படுவதால், உள்ளே நடப்பது நமது கண்ணுக்குத் தெரிகிறது. கணக்கே வெளியில் வராத தேசங்களில் என்ன நடக்கிறது என்பதை அவரவர்களே யோசித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பணக்கார தேசங்கள் தங்கள் தேச வருமானத்தில் 100க்கு 0.7 பங்கை, அதாவது நம் கணக்கில் 100 ரூபாய்க்கு 70 பைசாவை, ஏழை தேசங்களின் முன்னேற்றத்திற்காகக் கொடுக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1970ல் ஒரு தீர்மானம் செய்தது. இங்கிலாந்து அந்த அளவை எட்டிப் பிடித்தது 2013ல்தான். அதாவது ஒரு தீர்மானம் ஏறக்குறைய 43 வருஷம் காகிதத்திலேயே இருந்தது. 2015ல் அதைச் சட்டமாகவும் செய்துகொண்டார்கள். சட்டம் செய்து ஆறு வருஷம்கூட ஆகாமல் 2021ல் 70 பைசாவை 50 பைசாவாகக் குறைத்தார்கள். கொரோனா நோயினால் கஜானா காலியாகிவிட்டது என்பது அதற்குச் சொன்ன சமாதானம். பிறகு 2025 பிப்ரவரியில், இராணுவச் செலவுக்குப் பணம் வேண்டியிருப்பதால் 2027ல் இதை 30 பைசாவாக்கப் போவதாக அந்நாட்டுப் பிரதம மந்திரி அறிவித்தார். குறைத்ததைப் பற்றி நாம் இங்கே அதிகம் பேசப் போவதில்லை. பகிரங்கமாகக் குறைப்பவனோடு வாதாடலாம். பார்லிமெண்டில் கேள்வி கேட்கலாம். அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடாமல் இருக்கலாம். நாம் பேச வந்தது வெளியில் தெரியாமல் குறைவதைப் பற்றியேயாகும்.

எப்படியெனில், உதவி என்று எதைச் சொல்லுவது, எதைச் சொல்லக் கூடாது என்பதற்குப் பாரிஸ் நகரத்தில் பணக்கார தேசங்களின் ஒரு கமிட்டி விதி செய்து வைத்திருக்கிறது. கொடுக்கிற தேசங்களே கூடி, எது கொடுத்ததாகும் என்று தீர்மானித்துக்கொள்ளுகின்றன என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த விதிகளில் ஒன்று, வேறு தேசத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்த அகதிகளுக்கு முதல் 12 மாதத்திற்கு உள்நாட்டில் செய்யும் செலவையும் வெளிநாட்டு உதவியாகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்பதாகும். இந்தச் செலவு சிறிதாக இருந்த வரையில் இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 2022ல் உக்ரேன் யுத்தத்தினாலும் மற்றக் காரணங்களினாலும் அகதிகள் அதிகமாக வந்தார்கள். அவர்களுடைய மனுக்களை விசாரித்து முடிவு சொல்ல உள்நாட்டு இலாகா மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் தாமதம் செய்தது. அதுவரையில் அவர்களை ஹோட்டல்களில் வைத்திருந்தது. ஹோட்டல் செலவு மாத்திரம் ஒரு நாளைக்குச் சுமார் 80 லட்சம் பவுன் ஆகிறதென்று 2023ல் அந்த இலாகாவே சொல்லிற்று.

இந்தப் பணத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? உதவிக் கணக்கிலிருந்து வந்தது. 2022ல் இங்கிலாந்து செய்ததாகச் சொன்ன உதவி மொத்தம் சுமார் 1280 கோடி பவுன். அதில் சுமார் 370 கோடி பவுன், அதாவது 100க்கு 29 பங்கு, இங்கிலாந்துக்குள்ளேயே செலவாயிற்று. 2023ல் மொத்தம் சுமார் 1530 கோடி பவுன். அதில் சுமார் 430 கோடி பவுன் உள்நாட்டிலேயே நின்றுவிட்டது. மிராசுதார் கதையில் நாம் சொன்ன 30 கலம் கற்பனையல்ல என்பது இப்போது விளங்கும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அகதிக்குச் சோறு போடுவது தப்பு என்று நாம் சொல்லவில்லை. குண்டுக்குப் பயந்து பிள்ளை குட்டிகளோடு ஓடி வருகிறவனுக்கு இடம் கொடுப்பது எந்த நாகரிக தேசத்துக்கும் கடமையேயாகும். நாம் கேட்பதெல்லாம், அந்தக் கடமையின் செலவை அடுத்த ஏழையின் பங்கிலிருந்து எடுக்கலாமா என்பதுதான். 2022 கோடை காலத்தில் இந்தச் செலவு மேலே மேலே ஏறினதால், மிகவும் அவசியமல்லாத வெளிநாட்டு உதவியெல்லாம் நிறுத்தி வைக்கும்படி உத்தரவு பிறந்தது. பிறகு கஜானாவிலிருந்து இரண்டு வருஷத்திற்கு 250 கோடி பவுன் அதிகமாகக் கொடுத்தார்கள், அதுவும் போதவில்லை. ஆக, லண்டன் பக்கத்து ஹோட்டல் முதலாளிக்கு வாடகை போக வேண்டுமென்பதற்காக, எங்கோ இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் பணமும், எங்கோ இருக்கும் ஒரு மருத்துவச்சியின் சம்பளமும் காத்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியா அதே கமிட்டியில் அங்கத்தினராயிருந்தும் சமீப வருஷங்களில் இந்தச் செலவை உதவிக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே விதி அனுமதிக்கிறது என்பது சமாதானமாகுமே தவிர நியாயமாகாது.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. உதவிப் பணத்தைப் பரிசோதிப்பதற்காக 2011ல் அமைக்கப்பட்ட சுயேச்சைக் கமிஷன் ஒன்று 2023 மார்ச்சில் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உள்நாட்டு இலாகா செலவு செய்கிறது. ஆனால் பாரம் உதவித் தொகையின் மேல் விழுகிறது. ஆகையால் செலவைக் குறைக்க வேண்டுமென்ற கவலை அந்த இலாகாவுக்கு உண்டாவதற்கு இடமில்லை என்பது அதன் கருத்து. இதை விளக்க நமக்கு அறிக்கைகூட வேண்டியதில்லை. சாப்பிடுகிறவன் ஒருவன், பில் கொடுக்கிறவன் வேறொருவன் என்றால் சாப்பிடுகிறவன் விலை கேட்பானா?

நிற்க, காலத்தைப் பற்றிய வேடிக்கை ஒன்றும் உண்டு. இங்கிலாந்து சர்க்காரின் வரவு செலவு வருஷம் ஏப்ரலில் துவங்கி மார்ச்சில் முடிகிறது. உதவிக் கணக்கின் வருஷமோ ஜனவரியில் துவங்கி டிசம்பரில் முடிகிறது. அந்த டிசம்பர் 31ந் தேதிக்குள் சொன்ன அளவு செலவாகியிருக்க வேண்டும். குறைந்தால் சட்டத்திற்கு முன் பதில் சொல்ல வேண்டும். அதிகமானால் கஜானா மந்திரியிடம் பதில் சொல்ல வேண்டும். ஆகையால் முதல் தடவை அளவை எட்டிய 2013ல், சில செலவுகளை அவசர அவசரமாகச் சேர்த்தும், சிலவற்றைத் தள்ளி வைத்தும் கணக்கைச் சரிக்கட்ட வேண்டியிருந்ததென்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2015ல் எடுத்துக் காட்டியது. ஏழைக்கு எப்போது பணம் தேவை என்பதைப் பார்த்துக் கொடுப்பதற்குப் பதிலாக, காலண்டரில் எத்தனை தாள் பாக்கி இருக்கிறதென்று பார்த்துக் கொடுக்கிற நிலைமை வந்துவிட்டது.

அது மாத்திரமல்ல. உலக பாங்கி போன்ற பெரிய ஸ்தாபனங்களுக்குக் கொடுக்கும் பணத்திற்குப் பெரும்பாலும் புரோநோட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். ரொக்கம் பிறகு பல வருஷங்களில் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் புரோநோட்டு கொடுத்த தேதியிலேயே முழுத் தொகையும் உதவியாகக் கணக்கில் ஏறிவிடும். நம்மூர்க் கடைக்காரரிடம் போய், "புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன், நான் கடன் முழுவதும் தீர்த்துவிட்டதாக எழுதிக்கொள்" என்று சொன்னால் அவர் நம்மை என்ன செய்வார் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

இனி, கணக்கு சரியாயிருந்தும் காரியம் கெட்டுப் போவதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். இது மலேயா நாட்டில் கிளந்தான் பகுதியில் பெர்காவ் என்னும் ஆற்றின்மேல் கட்டிய அணைக்கட்டின் கதை. 1988ல் இங்கிலாந்தின் யுத்த மந்திரி மலேசியா சென்று, மலேசியா தங்களிடம் ஆயுதங்கள் வாங்குவதற்கும், தாங்கள் உதவிப் பணம் கொடுப்பதற்கும் முடிச்சுப் போட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். முடிச்சுப் போட்டது தப்பு என்று பிறகு சர்க்காரே உணர்ந்து, அவிழ்த்துவிட்டதாகச் சொல்லிற்று. ஆனால் அவிழ்த்த பிறகும் அணைக்கட்டுக்குப் பணம் கொடுப்பதாக 1989ல் தாட்சர் அம்மையார் வாக்குக் கொடுத்துவிட்டார். 31 கோடி 60 லட்சம் பவுன் என்று சொல்லப்பட்ட கட்டுமானச் செலவு, வாக்குக் கொடுத்த சில வாரங்களுக்குள்ளாகவே 39 கோடி 70 லட்சமாக ஏறிவிட்டது.

உதவி இலாகாவின் பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த அணையிலிருந்து வரும் மின்சாரத்தை விட எரிவாயுவினால் உண்டாக்கும் மின்சாரம் மலிவு. இந்தத் திட்டத்தினால் மலேசிய ஜனங்களே அதிக விலை கொடுக்க நேரிடும் என்று சொன்னார்கள். இலாகாவின் தலைமைக் காரியதரிசியாயிருந்த டிம் லாங்கெஸ்டர் என்பவர், இந்தப் பணத்தைக் கொடுப்பதற்குத் தான் பொறுப்பேற்க முடியாது என்று 1991ல் எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவித்தார். அந்நாட்டு முறைப்படி ஒவ்வோர் இலாகாவின் தலைமை உத்தியோகஸ்தரும் கணக்குக்குத் தாமே நேரில் பொறுப்பாளி. வீண் செலவென்று அவருக்குத் தோன்றினால் மந்திரியிடம் எழுத்து மூலம் உத்தரவு கேட்க வேண்டும். மந்திரி எழுதிக் கொடுத்தால் பொறுப்பு மந்திரியின் தலையில் விழும். அவ்விதமே வெளிநாட்டு மந்திரி டக்ளஸ் ஹர்டு எழுதிக் கொடுத்தார்; 23 கோடி 40 லட்சம் பவுன் உதவி ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆனால் அந்த ஒரு துண்டுக் காகிதம் வீண் போகவில்லை. 1993ல் தணிக்கை அலுவலகம் அதை வெளியில் கொண்டுவந்தது. பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் கமிட்டி, மந்திரியை எதிர்த்துக் காகிதம் எழுதிய காரியதரிசியைக் கூப்பிட்டு விசாரித்தது. உலக முன்னேற்ற இயக்கம் என்னும் ஒரு பொதுஜன சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1994 நவம்பர் 10ந் தேதி லண்டன் ஹைக்கோர்ட்டு, அந்த உதவி சட்டத்திற்கு விரோதமானது என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஒரு தேசத்தின் முன்னேற்றத்திற்காகவென்று சட்டம் கொடுத்த பணத்தை, முன்னேற்றத்திற்குப் பொருளாதார ரீதியில் தகுதியற்ற காரியத்திற்குச் செலவிடக் கூடாது என்பது அதன் சாராம்சம். அணை கட்டப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் பிறகு சர்க்கார் அதன் பணத்தை உதவிக் கணக்கிலிருந்து எடுக்காமல் வேறு கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2002ல் வந்த புதிய சட்டம், உதவிப் பணம் ஏழ்மையைக் குறைப்பதற்கே என்று வெளிப்படையாகச் சொல்லிற்று. எங்கள் தேசத்துச் சாமானையே வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு உதவி கொடுக்கும் வழக்கமும் 2001ல் நிறுத்தப்பட்டது.

அந்த நிபந்தனையின் ருசியை நமது தேசமும் அறிந்ததேயாகும். 1986 வாக்கில் வெஸ்ட்லாண்டு என்னும் இங்கிலாந்துக் கம்பெனி விற்க வழியில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. அதனுடைய 21 ஹெலிகாப்டர்களை இந்தியாவின் தலையில் கட்ட, 6 கோடி 50 லட்சம் பவுன் "உதவி" கொடுக்கப்பட்டது. இந்திய சர்க்கார் முதலில் தயங்கியது, பிறகு ஒப்புக்கொண்டது. அவற்றில் இரண்டு விழுந்து நொறுங்கி உயிர்ச்சேதமாயிற்று. 1991ல் மற்றவைகளும் பறக்காமல் நிறுத்தப்பட்டன. கடைசியில் விற்றபோது 10 லட்சம் பவுன்கூடத் தேறவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கும்? "இந்திய ஏழைகளுக்கு உதவி, 6 கோடி 50 லட்சம் பவுன்" என்றுதானே! பணம் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு இங்கிலாந்துக் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது. நமக்கு வந்தது பழைய இரும்பும், "உதவி வாங்கினவர்கள்" என்கிற பெயருமேயாகும்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிலர், "அப்படியானால் உதவி என்பதே புரட்டு, அதை ஒழித்துவிட வேண்டியதுதான்" என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்லுகிறவர்கள் அங்கேயும் உண்டு. இது திருட்டுக் கணக்கு எழுதினவனை விட்டுவிட்டுச் சோற்றுக்கு நின்றவனைத் தண்டிப்பதாகும். அம்மை ஊசி, நல்ல தண்ணீர், பெண் குழந்தைகளின் படிப்பு ஆகியவைகளுக்குப் போய்ச் சேர்ந்த பணம் போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது. அம்மை நோய் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதென்று 1980ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்ததும் பல தேசத்துப் பொதுப்பணத்தினால் ஆன காரியமேயாகும். ஆகையால் நமது புகார், கொடுப்பதைப் பற்றியதல்ல. கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதுவதைப் பற்றியது.

இந்த மோசங்கள் எப்படி வெளிவந்தன என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. மந்திரிகளின் மனச்சாட்சி உறுத்தி அவை வெளிவரவில்லை. ஓர் உத்தியோகஸ்தர் எழுத்தில் ஆட்சேபித்தார். மந்திரிக்குக் கீழ்ப்படாத ஒரு தணிக்கைக்காரர் அதைப் படித்தார். எதிர்க்கட்சிக்காரர் தலைமை வகிக்கும் ஒரு கமிட்டி, 1861ல் ஏற்பட்ட அந்தப் பொதுக் கணக்குக் கமிட்டி, கேள்வி கேட்டது. சாதாரண ஜனங்களின் சங்கம் ஒன்று வழக்காடியது. இந்த நான்கில் ஒன்று இல்லாதிருந்தாலும் பெர்காவ் கணக்கு "சரி" என்று கையெழுத்தாகி அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இது படித்தவர்களுக்கும் கோர்ட்டுக்கும் மாத்திரம் ஆன காரியம் என்று நமது கிராமத் தோழர்கள் எண்ணிவிடக் கூடாது. லண்டனில் தீர்ப்புச் சொன்ன அதே 1994ல், 22 நாள் கழித்து, டிசம்பர் 2ந் தேதி ராஜஸ்தானத்தில் கோட் கிரானா என்னும் சிறு கிராமத்தில் கூலிக்காரர்களும் குடியானவர்களும் கூடினார்கள். மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அவர்களுடைய சங்கத்தார், ஊரில் நடந்ததாகச் சொல்லப்பட்ட வேலைகளின் கூலிப் பட்டியலையும் பில்களையும் எப்படியோ வாங்கி வந்து எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. பட்டியலில் பேர் இருந்தவன் எழுந்து, "நான் அந்த வேலைக்கே போகவில்லையே!" என்றான். எழுத்து வாசனையே அறியாதவர்கள் ஒரு நாளில் தணிக்கைக்காரர்களாகிவிட்டார்கள். அந்தக் கூட்டங்களிலிருந்து கிளம்பிய கிளர்ச்சிதான் 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. அந்தச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் ஒரு சிறு கட்டணம் கட்டி, எந்தச் சர்க்கார் இலாகாவின் கணக்கையும் கேட்கலாம்.

தோழர்களே! பொதுப்பணம் என்பது வானத்திலிருந்து விழுவதல்ல. நீங்கள் வாங்கும் சோப்பிலும், தீப்பெட்டியிலும், பஸ் டிக்கெட்டிலும் சிறுகச் சிறுகப் பிடித்த பணந்தான் அது. லண்டனில் உள்ள கூலிக்காரனுக்கும் அப்படியே. அவன் ஏழைக்கென்று கொடுத்த பணம் ஹோட்டல்காரனுக்கும் ஆயுதக்காரனுக்கும் போனால், ஏமாந்தவர்கள் இரண்டு பேர்: கொடுத்த ஏழை ஒருவன், பெறாத ஏழை ஒருவன். ஏமாற்றியது யாரென்றால், நடுவில் உட்கார்ந்துகொண்டு கணக்கு எழுதினவன்.

ஆகவே எந்தக் கணக்கைப் பார்த்தாலும், எவ்வளவு பெரிய மனிதர் கையெழுத்துப் போட்டிருந்தாலும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பணம் எந்த ஊரில் செலவாயிற்று? ரொக்கமா, காகிதமா? கடைசியாக வாங்கிக்கொண்டவன் யார்? வேண்டாமென்று சொன்னவன் யாராவது உண்டா, அவன் எழுதின காகிதம் எங்கே? இந்த நான்குக்கும் நேரான பதில் கிடைத்தால் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், மொத்தத் தொகை எவ்வளவு பெரிதாயிருந்தாலும் அதைக் கண்டு கைகூப்பாதீர்கள். உங்கள் ஊர்க் கிராம சபையில் வரவு செலவு படிக்கும்போதும் இதே கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். உள்ளூர்க் கணக்கைக் கேட்கத் துணிந்தவனுக்கே உலகக் கணக்கு விளங்கும்.